தொடர் தோல்வியும் தோற்றோன் கணக்கும்

தோல்வி மக்கள் வாழ்வில் இயல்பாயது. ஒருமுறை தோற்றவனைத் தேற்றுதற்குப் பலர் உளர். உற்றார் வருவர், நண்பர் வருவர், 'அடுத்த முறை பார்த்துக்கொள்வோம்' என்பர். பத்து முறை தொடர்ந்து தோற்றவன் நிலையோ வேறு. அவனைக் கண்டார் வழி மாறிச் செல்வர். தேற்றுவார் இன்மையின் அவன் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளத் தொடங்குவன். அத்தேற்றம் மருந்தாவதும் உண்டு; நஞ்சாவதும் உண்டு. மருந்து எது, நஞ்சு எது என அறிதல் எங்ஙனம்? இதுவே யான் ஈண்டு ஆராயப் புகும் பொருள். இதனை ஏட்டில் மட்டும் கற்றேனல்லேன். என் தாய்மாமன் ஒருவர் சீட்டாட்டத்தில் ஒன்பது திங்கள் தொடர்ந்து தோற்றதை அருகிருந்து கண்டேன். அவர் இசைவு பெற்றே எழுதுகின்றேன். பெயர் மட்டும் வேண்டா என்றார்.

எம் ஊர் திண்டுக்கல். ஓங்கி நிற்கும் கற்பாறையும் அதன்மேல் அமைந்த பழங்கோட்டையும் ஊருக்கு வருவோர் கண்ணை முதலிற் கவரும். ஒருபுறம் சிறுமலை நீலமாய்த் தோன்றும். வடக்கே வேடசந்தூர் வரையிலும் அதற்கு அப்பாலும் வானத்தை நோக்கிக் கிடக்கும் மேட்டுநிலம். ஊருக்குப் புகழ் தந்த தொழில்களுள் பூட்டுத் தொழில் ஒன்று. கைத்திறனாற் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. என் மாமா சிறுவயது முதல் அத்தொழிலில் வளர்ந்தவர். மாங்காய் வடிவினதாகலின் 'மாங்காய்ப் பூட்டு' என வழங்கும் பூட்டின் உள்ளுறுப்புகளை அரத்தால் அராவி, மயிரிழை பிசகாமற் பொருத்துவதில் அவர்க்கு நிகர் அவர் பட்டறையில் இல்லை. பொறுமையும் கணக்கும் உடையவர். சூதிற் சிக்குவோர் அறிவிலிகள் என்று கருதுவார்க்கு இதனை முதலிற் கூறுதல் கடமை எனக் கொண்டேன்.

அவர் ஆடியது போக்கர் என்னும் மேலைநாட்டுச் சீட்டாட்டம். 52 சீட்டுகளுள் ஆடுவார் ஒவ்வொருவர்க்கும் மறைவாக இரண்டும், யாவர்க்கும் பொதுவாக நடுவே ஐந்தும் இடப்படும் முறை இக்காலத்துப் பெருவழக்கு. அவ்வேழனுள் சிறந்த ஐந்தைக் கொண்டு வெற்றி துணியப்படும். சீட்டைக் காட்டாமலே பந்தயத்தை உயர்த்தி, எதிரியை அஞ்சுவித்து விலகச் செய்தலும் அவ்வாட்டத்தின் ஒரு கூறாம். ஆதலின் அதனைத் திறமையாட்டம் என்பாரும் உளர். ஊழின் ஆட்டம் என்பாரும் உளர். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் இணைய வழியில் பணம் வைத்தாடும் ரம்மியையும் போக்கரையும் தடுத்தது. 2023 நவம்பர் 9ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம், அவ்விரண்டும் திறமையாட்டங்களே எனக் கூறி, அவற்றின் மேலிருந்த தடையை நீக்கிற்று. மாமா ஆடத் தொடங்கியது அதன் பின்னரே. "நீதிமன்றமே திறமை என்று சொல்லிவிட்டது, திறமைக்கு என்னிடம் என்ன குறை?" என்பார். 2024ஆம் ஆண்டு தைத் திங்களில் தொடங்கிய ஆட்டம் புரட்டாசி வரை நீண்டது.

முதல் இரு வாரம் வென்றார். பின்னர்த் தோல்வி தொடங்கிற்று. இடையிடையே ஓரிரு வெற்றிகள் வாராமலில்லை. ஆயினும் திங்கள் முடிவிற் கூட்டிப் பார்ப்பின் இழப்பே எஞ்சும். பட்டறைக் கணக்கு எழுதும் பழக்கத்தால் இதற்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். நாள், வைத்த பணம், வந்த பணம் என மூன்று வரி. நான்காவது வரிக்கு அவர் இட்ட தலைப்பு 'மீட்க வேண்டியது' என்பது. ஞாயிறுதோறும் ஆலயம் சென்று திரும்பியபின் அத்தொகையைக் கூட்டித் தருமாறு என்னைக் கேட்பார். யான் கூட்டித் தருவேன். அவ்வெண் வாரந்தோறும் வளர்ந்தது.

அக்காலத்தில் அவர் தமக்குத் தாமே கூறிக்கொண்ட தேற்றங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, 'யான் சரியாகவே ஆடுகின்றேன். சீட்டுத்தான் சரியில்லை' என்பது. இதில் உண்மை உண்டு. இருவரும் முழுப்பணத்தையும் வைத்துவிட்ட நிலையில், ஒருவன் கையில் இரண்டு ஏஸும் மற்றவன் கையில் இரண்டு ராஜாவும் இருப்பின், ஏறத்தாழ ஐந்துக்கு நான்கு முறை ஏஸ் உடையவன் வெல்வான். ஐந்தில் ஒருமுறை, பிழையொன்றும் செய்யாமலே தோற்பான். அங்ஙனம் மும்முறை தொடர்ந்து தோற்பது 125இல் ஒன்று. அஃது அரிதாயினும் நடவாதது அன்று. பல்லாயிரம் முறை ஆடுவானுக்கு ஒருநாள் நடந்தே தீரும். ஆகவே தோல்வி தொடர்ந்தது என்னும் ஒன்றைக் கொண்டே ஒருவனை அறிவிலி எனல் தகாது. ஆயின் இவ்வுண்மையில் ஓர் இடர் உளது. சரியாக ஆடித் தோற்றவனும் இதனைக் கூறலாம். பிழைபட ஆடித் தோற்றவனும் இதனையே கூறலாம். இருவர்க்கும் ஒருங்கே பொருந்தும் சொல் இருவருள் யாரையும் திருத்தாது.

இரண்டாவது, 'இத்துணை நாள் தோற்றாயிற்று. இனி மாறியே ஆகவேண்டும்' என்பது. இதில் உண்மை இல்லை. 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் மாண்டி கார்லோ நகரச் சூதாட்ட மாளிகையில், சுழலும் வட்டில் எறியப்பட்ட உருண்டை தொடர்ந்து 26 முறை கறுப்புக் கட்டத்திலேயே விழுந்தது. ஒவ்வொரு முறையும் 'இனிச் சிவப்பே விழும்' எனச் சிவப்பின்மேற் பணத்தை இரட்டித்து வைத்தோர் பெரும்பொருள் இழந்தனர். உருண்டைக்குத் தான் முன்பு விழுந்த இடம் நினைவில்லை. கலைத்து இடப்படும் சீட்டுக்கும் நேற்றையோன் துன்பம் தெரியாது. நினைவு நமக்கே உண்டு. அதனை நாம் சீட்டின்மேல் ஏற்றிக் காண்கின்றோம்.

மூன்றாவது, 'போனதை மீட்டவுடன் நிறுத்திவிடுவேன்' என்பது. மூன்றனுள் கொடியது இதுவே. இதனைப் பின்னர்க் கூறுவேன்.

ஆவணித் திங்களில் ஒருநாள் மாமா என்னைத் தமிழைக் கொண்டே மடக்கினார். "மாப்பிள்ளை, நீ தமிழ் படிக்கிற பிள்ளை. நளன் எல்லாவற்றையும் தோற்றான். அதோடு விட்டானா? மறுபடி ஆடினான், நாட்டை மீட்டான். உங்கள் புகழேந்திப் புலவரே பாடியிருக்கிறார். நான் மட்டும் ஏன் விட வேண்டும்?" என்றார். யான் அப்பொழுது இக்கல்லூரியிற் சேர்ந்து சில திங்களே ஆகியிருந்தன. உடனே விடை தோன்றவில்லை. ஒரு வாரம் நளன் கதையை மீண்டும் படித்தேன்.

படித்தபொழுது ஒன்று தெளிவாயிற்று. மகாபாரதத்தில் இக்கதை, சூதில் அனைத்தையும் இழந்து காட்டில் வருந்திய தருமனுக்குப் பிருகதசுவ முனிவர் கூறியதாக அமைந்துள்ளது. எனவே தோற்றவனைத் தேற்றுதற்கென்றே சொல்லப்பட்ட கதை இது. அம்முனிவர் 'நாளை நீ வெல்வாய்' என்று மட்டும் கூறி அமைந்தாரல்லர். நளன் எவ்வாறு தோற்றான், எங்கே நிறுத்தினான், எதனைக் கற்றபின் மீண்டான் என்பவற்றை முறையே எடுத்துரைத்தார். புட்கரனிடம் நாடும் செல்வமும் தோற்ற நளன், தமயந்தியைப் பணயமாக வைக்குமாறு கேட்கப்பட்டபொழுது அதற்கு உடன்படாமல் எழுந்துவிட்டான். தருமன் அவ்விடத்தில் எழவில்லை. மனைவியையும் வைத்து இழந்தான். தோல்வியின் நடுவே எழத் தெரிந்தவன் நளன். இஃது ஒன்று. பின்னர் நெடுங்காலம் அவன் கவற்றைத் தொடவில்லை. பிறன் ஒருவனுக்குத் தேரோட்டியாய்ப் பணிசெய்தான். இருதுபன்னன் என்னும் வேந்தன் தான்றி மரத்தின் காய்களைப் பார்த்த அளவில் எண்ணிச் சொல்லக்கண்டு, தன் தேர்த்தொழில் அறிவை ஈந்து அவ்வெண்ணூல் அறிவைப் பெற்றான். பெற்ற அளவிலே அவனைப் பற்றியிருந்த கலி நீங்கினான். அதன் பின்னரே புட்கரனோடு மீண்டும் ஆடினான்.

அடுத்த ஞாயிறு மாமாவிடம் சென்று, "நளனை வீழ்த்தியது கலி. கலி நீங்கியபின் ஆடினான், வென்றான். உங்கள் ஆட்டத்தில் கலி நீங்கிவிட்டானா, மாமா?" என்றேன். "இங்கே கலி யாரடா?" என்றார். "கமிஷன்" என்றேன்.

ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். திறமையில் ஒத்த அறுவர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆடுகின்றனர் எனக் கொள்வோம். மொத்தம் 600. நடத்துவோர் நூற்றுக்குப் பத்து வீதம் 60 எடுத்துக்கொண்டு, வென்றவனுக்கு 540 தருவர். ஆறு ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு வெற்றி வந்தது. ஒவ்வொருவனும் வைத்தது 600, பெற்றது 540. அறுவரும் ஒத்த திறமையர்; அறுவரும் ஒத்த ஊழினர்; அறுவரும் தோற்றனர்! வென்றவன் ஆட்டத்திலே அமரவேயில்லை. இவ்வாட்டத்திற் பொருளீட்ட வேண்டுமாயின் பிறரினும் சிறிது மேம்பட்டிருத்தல் போதாது. கமிஷனையும் வெல்லுமளவு மேம்பட்டிருத்தல் வேண்டும். மாமா தம் நோட்டை எடுத்தார். கைப்பேசியிற் பதிவாகியிருந்த கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இழந்த தொகையில் ஏறக்குறையப் பாதி எவரிடமும் தோற்றதன்று, கமிஷனாகப் போனது. நெடுநேரம் பேசாதிருந்தார்.

யான் வென்றதாக மகிழ்ந்தேன். ஆயின் அன்றிரவும் அவர் ஆடினார் என மறுநாள் அத்தை கூறினார்.

அறிவு வேறு, ஆற்றல் வேறு என்பதற்கு உருசிய நாட்டு ஆசிரியர் தாஸ்தயேவ்ஸ்கியின் வாழ்வு சான்றாகும். 1866ஆம் ஆண்டில், 'சூதாடி' என்னும் நாவலை 26 நாளில் சுருக்கெழுத்துப் பெண் ஒருவர்க்குச் சொல்லி எழுதுவித்தார். அப்பெண்ணே பின்னர் அவர் மனைவியானார். சூதாடியின் உள்ளத்தை அதற்கு முன் எவரும் அத்துணைத் தெளிவாகக் காட்டியதில்லை என்பர். அங்ஙனம் எழுதிய பின்னரும் அவர் ஐந்தாண்டு ஆடினார். மனைவியின் அணிகளையும் அடகு வைத்தார். 1871ஆம் ஆண்டு வீஸ்பாடன் நகரில் தோற்று, இனி ஆடேன் என மனைவிக்கு எழுதினார், அதன்பின் ஆடவில்லை. நோயை அறிந்தவர் நோய் நீங்கினவர் ஆகார். இடையில் வேறொன்று வேண்டும்.

அவ்வேறொன்று இன்னதென என் தாத்தாவிடம் கற்றோம். வேடசந்தூர்ப் பக்கத்தில் அவர்க்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. சோளமும் கொள்ளும் நிலக்கடலையும் விளையும். மழை பெய்தால் விளையும். புரட்டாசியில் மாமா அவரிடம் சென்றார்; நிலத்தில் தம் பங்கை விற்றுத் தரவேண்டும் என்றார். "இதுதான் கடைசி. போனதை மீட்டுவிட்டு நிறுத்திவிடுகிறேன் ஐயா" என்றார். யானும் உடனிருந்தேன்.

தாத்தா சினந்திலர். எங்களை அழைத்துக்கொண்டு காட்டின் மேற்கு ஓரத்துக்குச் சென்றார். அங்கே தரையில் கல்லிட்டு மூடிய குழாய் ஒன்று உளது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலத்து மாவட்டங்கள் யாவும் வறட்சி மாவட்டங்கள் என அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டு எங்கள் பக்கத்துக் காடுகளில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வேட்கை பரவிற்று. உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பார் வந்தனர். 'போர் வண்டி'கள் இரவும் பகலும் இரைந்தன. தாத்தாவும் தோண்டினார். 600 அடிவரை புழுதியே வந்தது. இடம் மாற்றி 850 அடி போயிற்று. அங்கும் ஈரம் இல்லை. "இவ்வளவு போட்டுவிட்டீர், இன்னும் நூறடி போனால் தண்ணீர் நிச்சயம்" என்று உடனிருந்தோர் வற்புறுத்தினர். தாத்தா நிறுத்திவிட்டார். அண்டையில் ஒருவர் நிறுத்தவில்லை. மூன்றாவது, நான்காவது எனத் தோண்டிக் கடைசியில் நிலத்தையே விற்றுத் திருப்பூருக்கு வேலை தேடிச் சென்றார்.

மூடிய கல்லைக் காட்டித் தாத்தா கூறியது இதுவே: "இந்தக் குழியிலே போன பணம் இந்தக் குழியோடே போச்சப்பா. அதை எடுக்க இன்னொரு குழி தோண்டுவாங்களா?"

மாமா, "அடுத்த வருசமும் மழை இல்லைதானே ஐயா. நீங்கள் விதைக்காமல் இருந்தீர்களா? நீங்களும் தோற்றுக்கொண்டுதானே விதைத்தீர்கள்?" என்று கேட்டார். கேள்வி நேரியது. யானும் அதனை உள்ளத்தே எண்ணியிருந்தேன். திருக்குறளில் 94ஆம் அதிகாரம் சூது. அதன் இறுதிக் குறளில், இழக்க இழக்கச் சூதின்மேல் வளரும் காதலை, துன்புறத் துன்புற உடலின்மேல் உயிர்க்கு வளரும் காதலுக்கு வள்ளுவர் உவமையாக்கினார். இரண்டும் ஒரு வேரில் முளைத்தவைபோலும்! விடாது வாழச் செய்யும் பற்றே விடாது ஆடவும் செய்கின்றது. எனின், வறண்ட காட்டில் மீண்டும் விதைப்பானுக்கும் மீண்டும் சீட்டெடுப்பானுக்கும் வேற்றுமை யாது?

தாத்தா சிறிது எண்ணிக் கூறினார்: "விதைச்சேன். ஆனா போன வருசத்துக் கடனுக்காக விதைக்கலை. அந்த வருசம் மண்ணிலே என்ன ஈரம் இருந்துச்சோ அதைப் பார்த்து விதைச்சேன். ஈரம் குறைஞ்சா ஏக்கரைக் குறைச்சேன். கடலை போட இருந்த இடத்திலே கொள்ளு போட்டேன். போனது போனதுதான், அதை மண்ணு எனக்குத் தர வேண்டியதில்லை."

தொடர் தோல்வியைப் பற்றி யான் கற்ற நூல்களிலெல்லாம் இதனினும் தெளிந்த சொல்லைக் கண்டிலேன். இழந்ததை மீட்க ஆடுவான் இனி வருவதை நோக்கி ஆடவில்லை. போனதை நோக்கி ஆடுகின்றான். அதனால் இழப்பு மிகுந்தோறும் பந்தயத்தை மிகுப்பான். உழவனோ இழப்பு மிகுந்தோறும் விதைப்பைக் குறுக்குவான். வித்தை மட்டும் காப்பான். போக்கரிற் கைதேர்ந்தோரும் தோல்வி தொடர்ந்தால் இதனையே செய்வர் என அறிகின்றேன். பந்தயத்தைக் குறைத்துச் சிறு மேசைக்கு இறங்குவர். சினம் தலைக்கேறியபொழுது எழுந்து செல்வர். மறுநாள் வரவு செலவை விடுத்துத் தாம் ஆடிய ஆட்டத்தையே ஆராய்வர். நிலத்தைப் பணயமாக்கியவன் கையிற் சீட்டு நடுங்கும். நடுங்கும் கை சரியாக ஆடாது.

மாமா அன்று நிலத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை. வீடு திரும்பி நோட்டை எடுத்தார். 'மீட்க வேண்டியது' என்னும் தலைப்பை அடித்துவிட்டு, அதன்மேற் 'செலவு' என எழுதினார். இறுதித் தொகையின் கீழ் இரட்டைக் கோடிட்டு முடித்தார். கைப்பேசியை அத்தையிடம் தந்தார். கடன் கொடுத்தவர் மூவரையும் நேரிற் கண்டு, திங்கள்தோறும் இவ்வளவு தருவேன் எனப் பேசி முடித்தார். மறைத்து வைத்த கணக்கு நால்வர் அறிந்த கணக்காயிற்று. அதன்பின் இருமுறை மனம் தடுமாறிற்று என அவரே கூறுவார். இருமுறையும் அந்நோட்டைத் திறந்து பார்த்து அமைந்தாராம். 'வரவேண்டியது' எனின் கால்கள் தேடிச் செல்லும். 'செலவு' எனின் எங்கே செல்வது? கடன் இன்னும் முற்றும் தீரவில்லை. அத்தையின் சங்கிலி இன்னும் அடகுக் கடையில் உளது. ஆயினும் நிலம் நிலமாகவே இருக்கின்றது.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டில், பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை நடத்துதலை நாடு முழுவதும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றிற்று. இதற்கு முன் 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பரிசுச் சீட்டு தடுக்கப்பட்டதை முதியோர் நினைவுகூர்வர். சட்டம் கதவை அடைக்கும், அது வேண்டுவதே. ஆயின் 'மீட்க வேண்டியது' என்னும் வரியை உள்ளத்திலிருந்து அடிப்பது சட்டத்தால் ஆவதன்று.

நம் மாணவருள் சீட்டைத் தொடாதோரே பலர். ஆயினும் தொடர் தோல்வி அவர்க்கும் புறம்பன்று. அரசுப் பணித் தேர்வை ஐந்தாம் முறை எழுதும் பழைய மாணவர் நம்மிடையே உளர். 'இவ்வளவு ஆண்டு போட்டுவிட்டோம். இன்னும் ஓராண்டு' என்னும் சொல்லை அவர் வாயிலும் கேட்டிருக்கின்றேன். அவரை விடுக என்றோ தொடர்க என்றோ யான் கூறத் துணியேன். நிற்பதும் நெறியாகலாம், விடுவதும் நெறியாகலாம். மூன்று கேள்விகளை மட்டும் அவர் முன் வைப்பேன். தோற்றது ஊழாலா, என் பிழையாலா, அன்றி ஆட்டத்தின் அமைப்பாலா? ஊழெனின் பொறுக்கலாம், பிழையெனின் திருத்தலாம், அமைப்பெனின் எழுந்துவிடல் வேண்டும். இரண்டாவது, அடுத்து வைக்கும் பொருள் இழந்தால் தாங்கத்தக்கதா? மூன்றாவது, போன ஆண்டுகளை முற்றும் மறந்து, இன்றே புதிதாக வந்து நிற்பவன் போல் நோக்கினால், இக்காட்டில் விதைப்பேனா? 'ஆம்' எனின் எத்துணை முறை தோற்றிருந்தாலும் விதைக்கலாம். 'இல்லை' எனின் கல்லை எடுத்து மூடிவிடுதலே அறிவு.